பொடி எழுத்தா, நட்சத்திரமா?

அமெரிக்காவில் எந்தப் பள்ளி வீரன் எந்தக் கல்லூரி ஃபுட்பால் அணிக்குப் போகிறான் என்பதே பெரிய செய்தி. (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்.)

முன்பு இதற்கு நாளிதழ்தான் கதி. பிப்ரவரி முதல் புதன்கிழமை கையெழுத்து நாள்: பள்ளி வீரர்கள் தாங்கள் சேரும் கல்லூரிக்குக் கையெழுத்திடும் நாள். மறுநாள் விளையாட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் பட்டியல் வரும்: பெயர், ஆடும் இடம், உயரம், எடை, ஊர். பையனுக்கு ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு சீசன் தொடங்கும் செப்டம்பர் வரை கற்பனை செய்யலாம். 1980-இல் ரைட்ஸ்வில் என்ற சிற்றூரின் பள்ளி வீரர் ஹெர்ஷல் வாக்கர், கையெழுத்து நாள் போய் ஈஸ்டர் ஞாயிறு வரை முடிவு சொல்லாமல் இழுத்தார். கடைசியில் ஜார்ஜியா பல்கலைக்கழகம். அந்த சீசனிலேயே அந்த அணி தேசிய சாம்பியன்! அந்தக் காத்திருப்பு இன்று வாய்க்காது.

இன்று ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ் போன்ற தளங்களில் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பீடு, வீடியோ, நிமிடத்துக்கு நிமிடம் தகவல். 2017 முதல் டிசம்பரிலேயே பலர் கையெழுத்திட்டுவிடுவதால் பிப்ரவரி வெறிச்சோடிவிட்டது.

தகவலுக்கு இன்றைய தளங்கள்தான், சந்தேகமே இல்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்குத் தன் ஊர்ப் பையன் எல்லோருமே சூரர்கள்தான். ஆனாலும் என் ஓட்டு பொடி எழுத்துக்கே. கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவைக்க அவன் அம்மாவுக்கு ஒரு துண்டுக் காகிதமாவது கிடைத்தது.