மாடல் எம் கீபோர்டு: ஸ்க்ரூ போட்டு மூன்று ஆண்டுகள்

என் ஐபிஎம் மாடல் எம் கீபோர்டின் அடியில் ஒட்டிய சீட்டில் 1989 என்று இருக்கிறது. கைக்கு வந்தபோது பாதி விசைகள் கணீரென்று ஒலித்தன, மீதி சொதசொதவென்று இறங்கின. குலுக்கினால் உள்ளே ஏதோ உருண்டது. பழுது பார்த்து மூன்று ஆண்டுகளாகத் தினமும் இதில்தான் எழுதுகிறேன்.

இதன் உயிர் ஸ்பிரிங்கில் இருக்கிறது. விசையை அழுத்த அழுத்தத் தாங்கிக்கொண்டே வரும் ஸ்பிரிங், ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் மடங்கி, அடியில் உள்ள குட்டிச் சுத்தியலைச் சாய்க்கும். சுத்தியல் மெம்பிரேனை, அதாவது மின்சுற்று அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளை, அழுத்தினால் எழுத்து விழும். காதுக்கும் விரலுக்கும் திரைக்கும் ஒரே நொடியில் செய்தி போய்விடும். ஆனால் இந்த அடுக்கு முழுவதையும் இரும்புத் தகட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் ரிவெட்டுகள், அதாவது தலை தட்டையான குட்டி ஆணிகள். வயதானால் அவை உடையும், தகடு விலகும், விசையின் அழுத்தம் தளர்ந்துவிடும். உள்ளே உருண்டவை அந்த ரிவெட் தலைகள்தான். என்னுடையதில் பதினெட்டு போயிருந்தன.

மேல்மூடியைக் கழற்ற 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் வேண்டும். ஸ்க்ரூ இருக்கும் குழி ஆழம் என்பதால் மெல்லிய சுவர் உள்ளதாகப் பாருங்கள். விசைகளின் தொப்பிகளான கீகேப்கள் பிபிடி என்ற கெட்டியான பிளாஸ்டிக், எழுத்துகள் உள்ளே சாயமாக ஊறியவை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும், புதிது போல வந்துவிடும்.

மீதி ரிவெட் தலைகளையும் உளியால் செதுக்கி எடுத்து, 1.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் துளையிட்டு, எம்2 அளவுள்ள குட்டி ஸ்க்ரூவும் நட்டும் போட்டேன். துளையிடுவதைவிடத் திரும்ப அடுக்குவதுதான் கஷ்டம். விசைகள் பொருந்தும் சட்டத்தைக் கவிழ்த்து, ஓரங்களில் புத்தகங்களை முட்டுக்கொடுத்து, ஸ்பிரிங்குகள் கீழே தொங்க, ஒவ்வொரு சுத்தியலும் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ரப்பர் விரிப்பையும் மெம்பிரேனையும் வைக்க வேண்டும். முதல் முறை ஒரே ஒரு சுத்தியல் சாய்ந்திருந்தது. ஸ்பேஸ்பார் வேலை செய்யவில்லை. எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவசரப்படாதீர்கள், ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

அப்புறம் கணினியின் யுஎஸ்பி துளையில் இணைப்பது. வெறும் பிளக்கை மாற்றும் அடாப்டர் உதவாது. உள்ளே சிப் உள்ள யுஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். விசைகளை மாற்றியமைக்கும் வசதி உள்ளதை வாங்கினேன். கேப்ஸ் லாக் இப்போது கண்ட்ரோல். இதில் விண்டோஸ் விசையே கிடையாது, வலது ஆல்ட் அந்த வேலையைப் பார்க்கிறது. இந்த இரண்டு மாற்றங்களும் பெரிய நிம்மதி. ஸ்பிரிங்கின் ரீங்காரத்தைக் குறைக்க உள்ளே பல் இடுக்கு நூல் வைப்பார்கள். நான்கு விசைகளில் வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன், எனக்கு அந்த ரீங்காரம் பிடித்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சில மூன்று விசைச் சேர்க்கைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்று பதிவாகாது, விளையாடுபவர்களுக்கு ஒத்துவராது. பக்கத்தில் யாராவது தூங்கினால் தட்டவே முடியாது. இரண்டு ஸ்க்ரூ தளர்ந்தன, இறுக்கினேன். மற்றபடி விசை அழுத்தம் இன்றும் எல்லா விசையிலும் ஒரே மாதிரி.

போன மாதம் ஒரு விசை மட்டும் மந்தமானது. கேப்பை எடுத்து, ஸ்பேஸ்பார் மேலே வரும்படி கீபோர்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஸ்பிரிங் நடுவில் நிற்கும்போது கேப்பைத் திரும்பப் பொருத்தினேன். ஒரு நிமிஷ வேலை. கணீர் சத்தம் திரும்பிவிட்டது.