சீன டேக்அவுட் கடை: அங்கேயே சாப்பிடுவதா, பார்சலா, டெலிவரியா?

அமெரிக்காவில் எந்த ஊர்த் தெருமுனைச் சீன டேக்அவுட் கடையை எடுத்துக்கொண்டாலும் மெனு அட்டையில் நூற்றுச் சொச்சம் அயிட்டம் இருக்கும். எதை வாங்குவது என்று அரை மணி நேரம் விவாதிப்பவர்கள், அதை எங்கே உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்பதை யோசிப்பதே இல்லை. முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான். சட்டியை விட்டு இறங்கியதிலிருந்து வாய்க்கு வரும் வரை ஆகும் நேரம், அதுவரை மூடியின் கீழ் அடைபட்டுக் கிடக்கும் ஆவி, இவை இரண்டும்தான் ருசியைத் தீர்மானிக்கின்றன. சமையல்காரரின் கைப்பக்குவம்கூட அதற்கு அப்புறம்தான்.

அயிட்டம் எத்தனை இருந்தாலும் அடுப்படியில் தயாராக இருக்கும் சரக்கு கொஞ்சம்தான். முன்பே வேகவைத்து ஆறவிட்ட சோறு, அவித்து எண்ணெய் புரட்டிய நூடுல்ஸ், மாவில் தோய்த்து முக்கால் பதத்துக்குப் பொரித்த கோழித் துண்டுகள், சோளமாவும் சோயா சாஸும் பிசறி ஊறவைத்த இறைச்சி, நறுக்கிய காய்கள், இரண்டு மூன்று அடிப்படை சாஸ். ஆர்டர் வந்ததும் கோழி மறுபடி எண்ணெயில் இரண்டு நிமிடம் கிடக்கும். சீனச்சட்டியில் சாஸ் கொதித்ததும் கரைத்த சோளமாவை ஊற்றி, அரை நிமிடம் புரட்டி, பெட்டியில் கொட்டிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. போனில் சொன்ன "பத்து நிமிஷம்" வெள்ளிக்கிழமை இரவில் நாற்பது நிமிடமாக நீள்வது உங்களுக்கு முன்னால் நிற்கும் ஆர்டர்களால்தான். சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய் நில்லுங்கள். தாமதித்தால் பெட்டி கவுன்டரில் மூடியபடி வெந்துகொண்டிருக்கும்.

மூன்று வழிகள்

இந்தக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட மூன்று நான்கு மேசை இருந்தால் அதிகம். பரிமாற ஆள் கிடையாது. அங்கேயே சாப்பிடுகிறோம் என்றாலும் பழக்கத்தில் பெட்டியில் போட்டு மூடித்தான் நீட்டுவார்கள். "இங்கேயே சாப்பிடுகிறோம், மூட வேண்டாம்" என்று ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிட்டால் போதும். உயர்ந்த தீயில் புரட்டும்போது ஏறும் அந்தப் புகைவாசம், கான்டனீஸ் சமையல்காரர்கள் 'வோக் ஹெய்' என்று சொல்வது, சில நிமிடங்களில் மங்கிவிடும். அது வேண்டுமென்றால் கடையிலேயே உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை.

பார்சலில் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. காரில் ஏறியதும் பொரித்த அயிட்டம் இருக்கும் பெட்டியின் மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் பையின் வாயை முடிச்சுப் போடாதீர்கள். சூடு கொஞ்சம் குறைந்தாலும் மொறுமொறுப்பு தப்பும். சூட்டை வீட்டில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், ஊறிப்போன மேல்மாவை என்ன செய்வது?

டெலிவரியில் இரண்டு வகை உண்டு. கடையின் சொந்த ஆள் சுற்றுவட்டாரத்துக்குள்தான் வருவார், குறைந்தபட்ச ஆர்டர் தொகை கேட்பார்கள், ஆனால் வழி தெரிந்தவர். ஆப் வழியாக வாங்கினால் பல கடைகளின் மெனு விலையே கூடுதலாக இருக்கும், அதன் மேல் சேவைக் கட்டணம் வேறு. வருகிறவர் இன்னொரு கடையின் ஆர்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சுற்றலாம். எந்த வகையானாலும் கொண்டுவருபவருக்கு டிப் கொடுப்பது அங்கே எழுதாத சட்டம். மழைநாளில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது நியாயம். டெலிவரிதான் என்று முடிவானால் பொரித்த அயிட்டங்களை மறந்துவிடுவது நல்லது, ஒன்றைத் தவிர.

ஜெனரல் ட்ஸோவா, ஸ்வீட் அண்ட் சவரா?

அந்த ஒன்று ஸ்வீட் அண்ட் சவர் சிக்கன். பலர் இதைக் குழந்தைகள் சாப்பாடு என்று ஒதுக்குவார்கள். ஆனால் பெரும்பாலான டேக்அவுட் கடைகள் இதன் சிவப்பு சாஸைத் தனிக் கிண்ணத்தில்தான் தருகின்றன. கோழி உலர்ந்தே வீடு வந்து சேரும், தொட்டுக்கொள்வது உங்கள் வேலை. பயணத்துக்கென்றே செய்ததுபோல ஓர் ஏற்பாடு.

ஜெனரல் ட்ஸோ சிக்கன் சாஸில் புரட்டியே வருவது. ஹூனான் மாகாணத்துச் சமையல்காரர் பெங் சாங்-குவெய் 1950-களில் தைவானில் உருவாக்கிய பதார்த்தம் இது. அவருடைய கைப்பக்குவத்தில் இனிப்பு கிடையாது. 1970-களில் நியூயார்க் வந்த பிறகுதான் சர்க்கரை ஏறியது. அந்தச் சர்க்கரையைத் திட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: நன்றாக வற்றிய இனிப்பு சாஸ் பாகுபோல மேலே ஒட்டிக்கொள்ளும், நீர்த்த சாஸ் அளவுக்கு வேகமாக மாவுக்குள் இறங்காது. ஆகவே ஒழுங்காகச் செய்த ஜெனரல் ட்ஸோ கால் மணி நேரம் தாங்கும். அவசரத்தில் சாஸை வற்றவிடாத கடையில் பெட்டியைத் திறந்தால் அடியில் குளம் கட்டி நிற்கும். துண்டைக் கடித்தால் கோழி ஒரு பக்கமும் மாவு ஒரு பக்கமும் கழன்று வரும். அப்படிப்பட்ட கடையில் "சாஸ் தனியாக, கோழியைக் கூடுதலாக முறுகவிட்டு" என்று கேளுங்கள். எள் சிக்கன், ஆரஞ்சு சிக்கன் இரண்டும் இதே கோழிதான். சாஸில் மட்டும் கொஞ்சம் வேறுபாடு. மூன்றையும் ஒன்றாக ஆர்டர் செய்வதில் அர்த்தமில்லை.

சோறும் நூடுல்ஸும்

பார்சலுக்கு ஃப்ரைடு ரைஸை மிஞ்ச எதுவும் இல்லை. ஏற்கெனவே ஆறி உலர்ந்த சோற்றைப் புரட்டுவதால் ஆவி குறைவு. மடித்த காகிதப் பெட்டி இதற்கு மிகப் பொருத்தம். 1894-இல் சிகாகோவில் ஃபிரெடரிக் வீக்ஸ் வில்காக்ஸ் காப்புரிமை பெற்ற அந்த வடிவம் ஒரே தாளில் மடிப்பது. பக்கவாட்டில் ஒட்டு இல்லாததால் ஒழுகாது, மேல் மடிப்பு இடுக்கு வழியாக ஆவி வெளியேறும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் அதே சோறு கட்டி தட்டும்.

நூடுல்ஸில் கவனம் வேண்டும். லோ மெய்ன் அவித்த நூடுல்ஸை சாஸில் புரட்டுவது. முதலிலிருந்தே மென்மையானது, இழக்க மொறுமொறுப்பே இல்லை, அரை மணி நேரம் வரை தாராளமாகத் தாங்கும். சௌ மெய்ன் என்ற பெயரில் என்ன வரும் என்பது கடைக்குக் கடை மாறும். சில இடங்களில் வதக்கிய நூடுல்ஸ், சில இடங்களில் நூடுல்ஸே இல்லாத கோஸ் வதக்கலும் ஒரு பொட்டலம் பொரித்த நூடுல்ஸும். கேட்டுவிட்டு வாங்குங்கள். பட்டையான அரிசி நூடுல்ஸில் செய்யும் சௌ ஃபன்னை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அரிசி மாவுச்சத்து ஆற ஆற விறைக்கும், பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி முறியும். வோக் ஹெய் தேடி வருபவர்கள் வாங்குவதும் இதைத்தான். கடை மேசைக்கே உரியது.

இன்னொரு கணக்கு: குழம்பு வகை அயிட்டங்களோடு வெள்ளைச் சோறு பெரும்பாலும் சேர்ந்தே வரும், லோ மெய்னுக்கும் ஃப்ரைடு ரைஸுக்கும் வராது. பெரிய டப்பா என்பது குவார்ட், ஏறக்குறைய 950 மில்லி. சிறியது பைன்ட், அதில் பாதி. ஒருவர் மட்டும் என்றால் மதிய நேர லன்ச் ஸ்பெஷல் எப்போதும் லாபம்.

பீஃப் வித் ப்ரோக்கலியில் இறைச்சிக்கு ஒன்றும் ஆகாது, சோளமாவுப் பூச்சு சாறைப் பிடித்துவைத்திருக்கும். கெடுவது ப்ரோக்கலிதான். மூடிய பெட்டியின் சூட்டிலேயே தொடர்ந்து வெந்து, பச்சையத்தில் உள்ள மெக்னீசியம் கழன்று, பளிச்சென்ற பச்சை மங்கிப் பாசி நிறமாகிவிடும். தூரம் அதிகமென்றால் "காயை அரை வேக்காட்டில் எடுங்கள்" என்று சொல்லலாம். செய்து தருவார்கள்.

வான்டன் சூப்பில் மெல்லிய மாவுத்தாளில் பூரணம் பொதிந்த உருண்டைகள் ஊறி உப்பும், சூப்பைத் தனி டப்பாவில் கேளுங்கள். டம்ப்ளிங்கில் ஆவியில் வெந்தது, பொரித்தது இரண்டுமே பயணத்தில் சுமார்தான்.

சைவர்களுக்கு

"வெஜிடபிள்" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பிரவுன் சாஸில் சிப்பியிலிருந்து செய்யும் ஆய்ஸ்டர் சாஸும் கோழிச் சாறும் இருப்பது வழக்கம், வெள்ளை சாஸிலும் கோழிச் சாறு இருக்கலாம். ஹாட் அண்ட் சவர் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். லோ மெய்ன் நூடுல்ஸில் முட்டை, காய் ஃப்ரைடு ரைஸிலும் முட்டை, டோஃபு பொரிவது கோழி பொரிந்த எண்ணெயில். பாதுகாப்பான வழி மெனுவின் 'டயட்' பகுதி: ஆவியில் வெந்த காயும் டோஃபுவும் சாஸ் தனியாக வரும். சாஸைத் தள்ளிவிட்டு சோயா சாஸ் பாக்கெட்டை உடைத்து ஊற்றிக்கொள்ளுங்கள். ருசி குறைவுதான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

மிச்சம்

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், குறிப்பாகச் சோறு. பேசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் சோறு வேகும்போது சாவதில்லை. வெளியில் கிடக்கும் சோற்றில் அது பெருகிக் கக்கும் நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. ஆழமான டப்பாவில் நடுப்பகுதி ஆற நேரமாகும் என்பதால் அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

சூடுபடுத்தும்போது சோற்றில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி மைக்ரோவேவில் வைக்கலாம். கம்பிக் கைப்பிடி உள்ள காகிதப் பெட்டியை அப்படியே உள்ளே வைத்தால் பொறி பறக்கும். பொரித்த கோழிக்கு மைக்ரோவேவ் ஆகாது, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் கம்பித் தட்டின் மேல் எட்டு பத்து நிமிடம். சோளமாவால் கெட்டியாக்கி முட்டை ஊற்றிய எக் டிராப் சூப் மறுநாள் தண்ணீராக நீர்த்திருந்தால் அது கடையின் குற்றமல்ல. வாயில் வைத்த கரண்டியை டப்பாவுக்குள் திரும்ப விட்டிருப்பீர்கள், எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி சோளமாவின் கெட்டித்தன்மையை உடைத்துவிட்டது. வேண்டியதை முதலிலேயே கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள்.