ஸ்ரீஹரிகோட்டா காட்சிக்கூடம்: ஒரு நாள் லீவு போதாது

2019 மார்ச் 31-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. மறுநாள் காலை கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-45 தான் அங்கே உட்கார்ந்து மக்கள் பார்த்த முதல் ராக்கெட். திறந்தவெளி, கிரிக்கெட் மைதானத்தில் இருப்பது போன்ற படிக்கட்டு இருக்கைகள், தொடக்கத்தில் சுமார் 5,000 பேருக்கு இடம், எதிரே பெரிய திரைகள். பக்கத்திலேயே விண்வெளி அருங்காட்சியகமும் ராக்கெட் மாதிரிகள் நிற்கும் தோட்டமும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். உட்கார்ந்து பார்க்கும் அனுபவத்துக்குப் பத்துக்கு ஒன்பது. அந்த இருக்கையைப் பிடித்து, சரியான நாளில் அங்கே போய்ச் சேரும் ஏற்பாட்டுக்குப் பத்துக்கு ஐந்து. அந்த ஐந்தை எட்டாக்குவது நம் திட்டமிடலில்தான் இருக்கிறது. ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் ராக்கெட்டை ரயில் மாதிரி நினைத்துக்கொண்டு போனவர்கள்.

பதிவிலிருந்து தொடங்குவோம். ஏவுதல் தேதியை இஸ்ரோ உறுதி செய்த பிறகு, கிளம்புவதற்குச் சில நாட்களே இருக்கும்போதுதான் காட்சிக்கூடப் பதிவு இணையத்தில் திறக்கும். சந்திரயான் போன்ற பெரிய பணி என்றால் கண் மூடித் திறப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். இவ்வளவு குறுகிய அவகாசம் தருவது வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய இடைஞ்சல். இஸ்ரோவின் எக்ஸ் பக்கத்தையும் இணையதளத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. கொஞ்சம் முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு உத்தி உண்டு: விமானிகளுக்காக வெளியிடப்படும் 'நோட்டம்' அறிவிப்பு. வங்கக்கடலில் எந்தெந்தப் பகுதி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பது அதில் இருக்கும். ராக்கெட் ஆர்வலர்கள் இதை வைத்துத்தான் தேதியை முன்னதாகவே ஊகிக்கிறார்கள். அறிவிப்பு ஒரு நாளைக்கு மட்டும் இல்லாமல் வாரக்கணக்கில் நீண்டிருக்கும் என்பதையும் கவனியுங்கள். தேதி தள்ளிப்போகலாம் என்று அவர்களே இடம் விட்டுத்தான் வைக்கிறார்கள்.

பதிவு திறக்கும் நேரத்தில் கூட வருபவர்களின் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் ஒரு தாளில் தயாராக இருக்கட்டும். பெயரை அட்டையில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். வாசலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அசல் அட்டையையும், நுழைவுச்சீட்டை அச்சடித்த தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடும்போது போனில் சிக்னலை நம்பி நிற்கக்கூடாது.

அடுத்து, தள்ளிவைப்பு. இந்தப் பயணத்தின் உயிர்நாடியே இதுதான்.

சந்திரயான்-2 கிளம்ப வேண்டியது 2019 ஜூலை 15, அதிகாலை 2.51. கவுண்ட்டவுன் 56 நிமிடம் 24 விநாடி மிச்சம் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. கிளம்பியது ஒரு வாரம் கழித்து, ஜூலை 22, பிற்பகல் 2.43-க்கு. மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான டி.வி.-டி1 சோதனை ராக்கெட் 2023 அக்டோபர் 21 காலை 8 மணிக்கு என்று சொல்லி, வானிலையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, கடைசி 5 விநாடியில் கணினி தானாக நிறுத்தி, பிறகு 10 மணிக்குக் கிளம்பியது. 2024 டிசம்பர் 4 மாலை போக வேண்டிய ஐரோப்பாவின் புரோபா-3, செயற்கைக்கோளில் கண்ட கோளாறால் மறுநாளுக்குப் போனது. அதே மாதம் 30-ஆம் தேதி, விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்துப் பார்க்கும் ஸ்பேடெக்ஸ் இரவு 9.58-லிருந்து 10 மணிக்கு நகர்ந்தது. அது போகிற பாதையில் வேறு செயற்கைக்கோள்கள் குறுக்கிடாமல் இருக்க அந்த இரண்டு நிமிடம் தேவைப்பட்டது.

ஆக, தள்ளிவைப்பு இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு நாளாகவும் ஒரு வாரமாகவும் இருக்கலாம். எதனால் நின்றது என்று கேட்டால் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று ஓரளவு கணிக்கலாம். காற்று, மின்னல், விண்வெளிக் குறுக்கீடு என்றால் எழுந்து போகாதீர்கள், அன்றைக்கே கிளம்ப வாய்ப்பு அதிகம். ராக்கெட்டுக்குள் கோளாறு, அதுவும் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருளில் ஓடும்) நிலையுள்ள பெரிய ராக்கெட்டுகளான ஜி.எஸ்.எல்.வி. அல்லது எல்.வி.எம்.3 என்றால் அன்றைக்கு ஆசையை விட்டுவிடலாம். மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் திரவ ஆக்சிஜனையும் வடித்தெடுத்து, கோளாறைத் தேடி, சரிசெய்து, மறுபடி நிரப்பியாக வேண்டும். அதற்குள் அன்றைக்கு ஏவுவதற்கு ஏற்ற நேரம் முடிந்துவிடும்.

அதனால் ஏவுதல் நாளோடு மறுநாளும் லீவு போடுங்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்குவதற்குச் சென்னைதான் நல்லது. சூலூர்பேட்டையில் விடுதிகள் கொஞ்சம்தான், பெரிய ஏவுதல் என்றால் எல்லாம் நிரம்பிவிடும். சென்னையில் தங்கியிருந்தால் தேதி மாறினாலும் நஷ்டம் ஒரு மின்சார ரயில் டிக்கெட்டோடு போகும். திரும்பும் விமானத்தை அன்று இரவுக்கே போட்டு வைப்பது வேண்டாத வேலை.

எந்த ராக்கெட்டுக்குப் போவது? கிடைத்ததற்குப் போங்கள் என்பது பொது விடை. தேர்ந்தெடுக்க வழி இருந்தால் வித்தியாசம் நிறைய.

பி.எஸ்.எல்.வி. 44 மீட்டர் உயரம், எக்ஸ்.எல். வடிவத்தில் 320 டன் எடை. முதல் நிலை திட எரிபொருள், சுற்றிலும் ஆறு துணை மோட்டார்கள். விருட்டென்று எழும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோபுரத்தைத் தாண்டிவிடும். தரையில் நான்கு துணை மோட்டார்கள் மட்டுமே பற்றும், மிச்சம் இரண்டு 25-ஆவது விநாடியில் வானத்தில் பற்றும். சுமார் 70-ஆவது விநாடியில் முதல் நான்கும் கழன்று விழும், 110-ஐ ஒட்டி முதல் நிலையே கழன்றுவிடும். இரவு ஏவுதலில், மேகம் இல்லாவிட்டால், இது அத்தனையையும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஒளி மங்கி, ஒரு கணம் அணைந்ததுபோல் இருந்து, இரண்டாம் நிலை சின்னப் புள்ளியாகப் பற்றிக்கொள்ளும். 7x50 பைனாகுலர் இருந்தால் கழன்ற மோட்டார்கள் பொறியாகச் சிதறுவதும் தெரியும்.

எல்.வி.எம்.3 வேறு ரகம். 640 டன். கிளம்பும்போது எரிவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு எஸ்-200 திட எரிபொருள் மோட்டார்கள் மட்டும்தான். நடுவில் உள்ள திரவ எஞ்சின்கள் ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து வானத்தில்தான் பற்றும். எடைக்கு ஏற்ற உந்துவிசை விகிதம் பி.எஸ்.எல்.வி.யைவிடக் குறைவு என்பதால் நிதானமாக, பாரம் தூக்குகிறவனைப் போல எழும். கண்ணுக்கு விருந்து என்றால் இதுதான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்பவர்கள் எல்.வி.எம்.3-க்காகக் காத்திருக்கலாம்.

ஜி.எஸ்.எல்.வி.யில் நான்கு திரவ எரிபொருள் துணை எஞ்சின்கள் பூஜ்யத்துக்கு 4.8 விநாடி முன்பே பற்றும். முதலில் செம்பழுப்பாக ஒரு புகை, அடுத்து நடுவிலுள்ள திட மோட்டார் பற்றியதும் வெள்ளைப் புகை. இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்ப்பது ஒரு தனி ருசி. எஸ்.எஸ்.எல்.வி. சின்னது, 34 மீட்டர், 120 டன். முதல் முறை போகிறவர்கள் இதைக் கடைசித் தேர்வாக வைத்துக்கொள்ளலாம்.

நேரமும் முக்கியம். ஏவுதளங்கள் கடலோரத்தில், கிழக்கே. காலை ஏவுதல் என்றால் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி கட்டாயம். சூரியன் இருக்கும் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. பிற்பகல், மாலை ஏவுதல்களில் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், புகைத்தூண் பளிச்சென்று தெரியும். எல்லாவற்றிலும் அழகு அந்தி நேரமும் விடியலுக்கு முந்திய நேரமும். நாம் இருட்டில் உட்கார்ந்திருக்க, ராக்கெட் மேலே வெயிலுக்குள் நுழைந்ததும் அதன் புகை வெள்ளியாக, இளஞ்சிவப்பாக விரியும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். லேசான மழை ராக்கெட்டை நிறுத்தாது, ஆனால் தாழ்ந்த மேகம் நம் காட்சியை நிறுத்திவிடும். பத்துப் பதினைந்து விநாடியில் மேகத்துக்குள் போய்விட்டால் அப்புறம் சத்தம் மட்டும்தான். மழையைவிட மேக உயரத்தைக் காட்டும் வானிலைச் செயலிகளைப் பாருங்கள்.

போகும் வழி சிக்கலில்லை. சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் சூலூர்பேட்டைக்கு மின்சார ரயில் போகிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை 16, தடா தாண்டினால் சூலூர்பேட்டை. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா 18 கி.மீ. சாலை பழவேற்காடு ஏரியை அறுத்துக்கொண்டு போகும், குளிர்காலம் என்றால் இருபுறமும் பூநாரைகள். சாப்பாட்டைச் சூலூர்பேட்டையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசியே சமாளிக்கலாம். நேரமிருந்தால் செங்காளம்மன் கோயிலுக்கும் போய் வரலாம், ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகும் கோயில் அது. காட்சிக்கூட வாசலில் சோதனைக்கு வரிசை நீளும், குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகச் சேர்ந்துவிடுங்கள்.

இருக்கையில் உட்கார்ந்ததும் முதல் வேலை, எந்தத் திசையில் எழும் என்று பக்கத்தில் விசாரித்து, தொலைவில் நிற்கும் மின்னல் தடுப்புக் கோபுரங்களை அடையாளம் வைத்துக்கொள்வது. ஏவுமேடையின் அடிவரை தெளிவாகத் தெரியும் என்ற எதிர்பார்ப்பு வேண்டாம். திரையில் அருகாமைக் காட்சி, நேரில் மரங்களுக்கு மேல் எழும் நெருப்பு, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பத்து விநாடி இருக்கும்போது திரையிலிருந்து கண்ணை எடுத்துவிடுங்கள். போனில் நேரலை ஓடவிட்டு அதன் எண்ணிக்கையை நம்பவே வேண்டாம். நேரலை பல விநாடி பின்தங்கி வரும், போனில் கவுண்ட்டவுன் முடிவதற்குள் ராக்கெட் மேகத்தைத் தொட்டிருக்கும்.

முதலில் ஒரு ஆரஞ்சு ஒளி. இருபக்கமும் பஞ்சுப் பொதி உருண்டு வருவதுபோல் வெள்ளைப் புகை. சத்தமே இருக்காது. புதிதாக வந்தவர்கள் இந்த மௌனத்தில்தான் குழம்பிப்போவார்கள். ஒளி தெரிந்த நொடியிலிருந்து எண்ணுங்கள். ஓசை வந்து சேர்ந்ததும் அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைத்துவிடும். வருவது ஒரே இரைச்சலாக வராது. முதலில் அடிவயிற்றில் ஒரு அதிர்வு, பிறகு தார்ப்பாயைப் பட்பட்டென்று கிழிப்பது போன்ற வெடிப்புகள். திட மோட்டாரின் குரல் அது. சின்னக் குழந்தைகள் மிரண்டுபோவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீடியோ எடுப்பவர்கள் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து, ஜூம் செய்யாமல், தீயின் பளபளப்புக்கு ஏற்ப வெளிச்ச அளவைக் குறைத்துப் பூட்டிவிட்டு, கையை அசைக்காமல் விட்டுவிடுவதே மேல். திரைக்குள் தேடிக்கொண்டிருந்தால் நேரில் வந்ததற்கே அர்த்தமில்லாமல் போகும்.

அனுமதிச்சீட்டு கிடைக்கவில்லையா? சூலூர்பேட்டையைத் தாண்டிய ஏரிப் பகுதியில் போலீஸ் அனுமதிக்கும் இடங்களில் நின்று பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பழவேற்காடு கடற்கரை இன்னொரு நல்ல இடம். ஏவுதளம் அங்கிருந்து சுமார் 35 கி.மீ., ஓசை வர ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகும், தேய்ந்த இடிமுழக்கம்போல் கேட்கும். துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. இலங்கைக்கு மேலே பறக்கக்கூடாது என்பதற்காக முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே வளையும். அதனால் தமிழகக் கரையில் நிற்பவர்களுக்கு அது கொஞ்ச நேரம் கூடுதலாகவே கண்ணில் படும். ஜி.எஸ்.எல்.வி.யும் எல்.வி.எம்.3-ம் பெரும்பாலும் கிழக்கே போய் மறையும். இரவில் ஒரே கோடாக ஒளித்தடம் எடுக்க விரும்புகிறவர்களுக்கும் பழவேற்காடு நல்ல இடம்: முக்காலி, ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப்/11, ஷட்டர் இரண்டு மூன்று நிமிடம் திறந்தே இருக்கட்டும்.

ராக்கெட் மறைந்ததும் கூட்டம் மொத்தமும் வண்டியை நோக்கி ஓடும். ஏரிக்குக் குறுக்கே இருப்பது அந்த ஒரே சாலை, கிளம்பினாலும் நகர முடியாது. உட்கார்ந்திருங்கள். செயற்கைக்கோள் பிரிவதற்குப் பெரும்பாலும் இருபது நிமிடத்தை ஒட்டி ஆகும், திரையில் ஒவ்வொரு நிலையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். மேலே பார்த்தால், நேராக நின்ற புகைத்தூண் உயரத்துக்கு உயரம் மாறும் காற்றில் கோணல்மாணலாக வளைந்து, பாம்புபோல் நெளிந்து கரைந்துகொண்டிருக்கும். இரவு ஏவுதல் என்றால் சூலூர்பேட்டையிலிருந்து சென்னைக்குக் கடைசி ரயில் எப்போது என்று வரும்போதே பார்த்து வைத்து, அது தவறினால் போவதற்கு ஒரு வாடகை வண்டியையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.