சென்னிமலையிலிருந்து போய் ஈரோட்டில் சேர்த்தோம்: ஒரு பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி

குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஈரோட்டுப் பக்கம் ஆஸ்பத்திரி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறைகளையும் சேர்த்தே எழுதப்போகிறேன், அதனால் ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. எங்களுக்குச் சென்னிமலை. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். தலைப்பிரசவத்துக்காக அழைத்து வந்திருந்த மகளுக்கு 31 வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. பேத்தி பிறக்கும்போது ஒன்றரைக் கிலோகூட இல்லை.

உள்ளே போனதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. "ஊசி முதல் டோஸ் எத்தனை மணிக்குப் போட்டாங்க?" என்றார். எங்கள் ஊர் டாக்டர் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்ட நேரத்தைச் சீட்டில் எழுதித்தான் அனுப்பியிருந்தார். 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நான்கு ஊசி. போடுவது தாய்க்கு, வேலை செய்வது வயிற்றில் இருக்கும் பிள்ளையின் நுரையீரலில். நான்கும் முடிகிறவரை வலியைத் தள்ளிப்போட மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த ஊசியின் கதையே ஆட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று செம்மறி ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆடுகள் காலத்துக்கு முன்பே குட்டி போட்டன. பிழைக்கவே கூடாத அந்தக் குட்டிகளில் சில மூச்சு விட்டன. அதன் பிறகு ஹௌவி என்பவரோடு சேர்ந்து கர்ப்பிணிகளிடம் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட்டார். ஆடு வளர்க்கிற ஊர்க்காரனுக்கு இது மறக்கக்கூடிய சங்கதி இல்லை.

மறுநாள் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். கருவுக்கு நாலு வாரம் ஆகும்போது உணவுக்குழாய் உருவாகும் இடத்திலிருந்து ஒரு சின்ன மொட்டு கிளம்புகிறது. அது இரண்டாகி, நாலாகிக் கிளைவிட்டுக்கொண்டே போய் 16, 17 வாரத்துக்குள் மூச்சுக்குழாய்க் கிளைகள் அத்தனையும் போட்டு முடித்துவிடுகிறது. பிறந்த பிறகு அந்தக் குழாய்கள் நீளும், பருக்கும், எண்ணிக்கை கூடாது. காற்றுப்பைகள் அப்படியில்லை. 24 வாரத்துக்கு மேல்தான் நுனியில் மெல்லிய பைகள் விரியத் தொடங்கும். அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சர்ஃபாக்டன்ட் என்ற ஒரு வழுவழுப்பு சுரக்க வேண்டும். அது போதிய அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகும். உண்மையான காற்றுப்பைகள் பெருகுவது 36 வாரத்தை ஒட்டித்தான். நிறைமாதக் குழந்தைக்கே ஏறக்குறைய 5 கோடிதான் இருக்கும், பெரியவர்களுக்கு 30 கோடிக்கு மேல். மீதியில் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று வயதுக்குள் உண்டாகிறது, அதற்குப் பின்னும் கொஞ்சம் வளர்கிறது.

"வயித்துக்குள்ள தண்ணி குடிச்சிருச்சுங்களா?" என்று என் வீட்டுக்காரம்மா கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை, பொறுமையாகவே பதில் சொன்னார். கருவில் நுரையீரல் காலியாக இருப்பதில்லை, அதுவே சுரக்கும் திரவம் அதில் நிறைந்திருக்கும். அந்தத் திரவம் இருந்தால்தான் பைகள் விரிந்து வளரும். பிள்ளை உள்ளேயே மூச்சு இழுத்துப் பழகவும் செய்யும். வலி வந்ததும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஊறும் ஹார்மோன்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சச் சொல்லிவிடும். வலியே காணாமல் ஆபரேஷன் செய்து எடுக்கிற பிள்ளைகள் சிலவற்றுக்கு முதல் ஓரிரு நாள் மூச்சு வேகமாக இருப்பது இதனால்தானாம். இதைச் சொல்ல அவருக்கு எத்தனையோ வேலைக்கு நடுவே நேரம் இருந்தது.

தாய்க்கு ஊசி போட்டிருந்தும் பேத்திக்கு மூச்சுக்கு உதவி தேவைப்பட்டது. மூக்கில் சிறு குழாய் வைத்து, காற்றை லேசான அழுத்தத்தில் ஓயாமல் கொடுக்கும் சிபேப். அந்தக் குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று பொருள். கண்ணாடி வழியாக அரைமணி நேரம் பார்த்தேன். குமிழிச் சத்தம் மாறியதுமே நர்ஸ் திரும்பிப் பார்த்து, பிள்ளையின் திறந்த வாயை விரலால் மெல்ல மூடினார். குமிழி திரும்ப வந்தது. மூக்குத் தண்டில் புண் வராமல் குழாயையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றி வைத்தார்கள்.

அப்படியும் நெஞ்சு உள்வாங்கியதால் சர்ஃபாக்டன்ட் மருந்தும் போட்டார்கள். பன்றி நுரையீரலிலிருந்து எடுப்பது, பால் போல வெள்ளை, சின்னக் குப்பி, விலை ஆயிரக்கணக்கில். மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விட்டார்கள், வென்டிலேட்டர் வைக்கவில்லை. இந்த வழுவழுப்பு இல்லாததால்தான் குறைமாதப் பிள்ளைகள் மூச்சுத் திணறுகின்றன என்று 1959-இல் ஏவரி, மீட் என்ற இருவர் காட்டினார்கள். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு அவர்களிடம் இந்த மருந்து இல்லை, 1980-இல்தான் ஜப்பானில் ஃபுஜிவாரா முதன்முதலில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். எங்கள் பேத்திக்கு ஈரோட்டிலேயே கிடைத்தது.

மானிட்டரில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டியபோது மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். நர்ஸ் வந்து ஆக்சிஜனைக் குறைத்தார். ஆக்சிஜன் கொடுக்கிற குறைமாதப் பிள்ளைக்கு 90-க்கும் 95-க்கும் நடுவில் இருந்தால் போதும், கூடினால் விழித்திரை கெடும் என்றார். கண் டாக்டரை வரவழைத்து நாலு வாரத்தில் சோதித்ததையும் இவர்கள் கேட்காமலே செய்தார்கள். இதை விட்டுவிடும் இடங்களும் உண்டு என்பதால் நீங்கள் எங்கே சேர்த்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, குறைகள். பிள்ளை இருப்பது மேல்மாடியில், தாய்க்கு அறை கீழே. ஆபரேஷன் ஆன பொம்பளைப்பிள்ளை பால் பீய்ச்சிக் கொடுக்க லிஃப்டுக்குக் காத்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பால் எடுக்கும் அறைக்குச் சரியான தாழ்ப்பாள் இல்லை. பில் கவுண்டரில் மருந்து எவ்வளவு, கருவி வாடகை எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லிப் பலமுறை கேட்க வேண்டியிருந்தது. இதெல்லாம் பணம் கட்டுகிறவர்கள் உரிமையோடு கேட்க வேண்டியவை. செலவு முடியாதென்றால் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அங்கே மருந்தும் சிகிச்சையும் இலவசம். 108-ஐக் கூப்பிட்டால் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

இந்த ஆஸ்பத்திரிக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் வீட்டுக்கு அனுப்பும் முன் நடந்த வகுப்புக்குத்தான். ஒரு மூத்த நர்ஸ் என்னையும் என் வீட்டுக்காரம்மாவையும் மகளோடு சேர்த்து உட்கார வைத்தார். "ஏனுங்கய்யா, வீட்டுல என்ன தொழிலுங்க? விறகடுப்பு உண்டுங்களா? யாராச்சும் பீடி குடிப்பாங்களா?" என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு சாம்பிராணிக்கு வந்தார். குளிக்க வைத்ததும் புகை போடக் கூடாது, மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. என் வீட்டுக்காரம்மாவுக்கு முகம் வாடிப்போனது. "எங்க பிள்ளைகளுக்கெல்லாம் போட்டு வளத்ததுதானுங்களே அம்மிணி" என்றார். நர்ஸ் கடிந்து பேசவில்லை. டாக்டரம்மா வரைந்த படத்தையே எடுத்து வைத்து, "பாப்பாவுக்கு நுரையீரல் பாதிக்கு மேல இனி உங்க வீட்டுலதாங்கம்மா வளரணும்" என்றார். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா போலவே கட்டிக்கொள்ளும் என்றும், பச்சைப்பிள்ளையின் மூச்சுக்குழாய் 4 மில்லிமீட்டர் அகலம்தான், உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலே வழியில் முக்கால்வாசி அடைபட்டுவிடும் என்றும் சொன்னார். அதன் பிறகு என் வீட்டுக்காரம்மா வாதாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தறிக்குடோன் பக்கத்துக் கதவைப் பூட்டி, பஞ்சுத்தூசி எட்டாத கிழக்கு அறையைப் பிள்ளைக்கு ஒதுக்கினோம். வெந்நீர் அடுப்பைப் புழக்கடைக் கோடிக்குத் தள்ளினோம். தறியிலிருந்து வருகிறவர்கள் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குவது.

மூச்சு எண்ணவும் அங்கேயே கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கக் கூடாது. ஏனென்றால் குறைமாதப் பிள்ளை வேகமாக மூச்சு விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி விடும். 60-க்கு மேல் போனாலோ, விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, 20 நொடி மூச்சு நின்றாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

தொடர்ந்து காட்டப் போகும்போது ஒரு வசதி இருக்கிறது. குறைமாதப் பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனி வாசல். சளி, காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வேண்டியதில்லை. கவுண்டரில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். டோக்கன் வாங்கும்போதே "குறைமாதப் பிள்ளை" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.