பழைய ஈ-கிளாஸா, ஃபைவ் சீரிஸா? பிரேக்கை விசாரித்துவிட்டு வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், உம்கெனி ரோட்டுப் பழைய கார்க் கடைகளில் இந்த ஜோடியை இன்னும் பார்க்கலாம். ஒன்று 2002 முதல் 2009 வரை வந்த மெர்சிடிஸ் ஈ-கிளாஸ், அதாவது டபிள்யூ211. மற்றது அதே காலத்து பிஎம்டபிள்யூ ஃபைவ் சீரிஸ், ஈ60. புதுசாக வந்தபோது டாக்டரும் வக்கீலும் மட்டும் ஓட்டிய வண்டிகள். இன்று ஒரு சின்ன புதுக் கார் விலையில் பாதிகூட ஆகாது. அதனால் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் இரண்டும் நிறையவே ஓடுகின்றன.

நான் எடுத்தது ஈ60, 525ஐ. ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சொகுசுப் பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மெத்தென்று போவது மெர்சிடிஸ். வளைவில் பிடித்து ஓட்டுவது பிஎம்டபிள்யூ. இரண்டிலும் எண்ணெய் கசியும், இரண்டிலும் ஏதாவது ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. டீசல் ஈ-கிளாஸ் நான் வைத்திருந்ததில்லை. நல்ல இன்ஜின் என்று வைத்திருப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். என்னைத் தீர்மானிக்க வைத்தது பிரேக்.

2006 நடுவில் டபிள்யூ211-க்கு ஒரு திருத்திய மாடல் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் இருப்பது எஸ்பிசி என்ற எலக்ட்ரானிக் பிரேக். சாதாரணக் காரில் நீங்கள் பெடலை மிதித்தால் உங்கள் கால் அழுத்தமே, பூஸ்டர் உதவியோடு, எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். எஸ்பிசி வண்டியில் பெடல் ஒரு சென்சாரைத்தான் தொடுகிறது. எவ்வளவு மிதித்தீர்கள் என்பதைக் கணினி பார்த்து, ஒரு பம்ப் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும் அழுத்தத்தை ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக அனுப்பும். வேலை செய்கிற வரை அருமையான பிரேக். மழையில் டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டை, தானாகவே லேசாக உரசிக் காய வைக்கும். ஆனால் பழுதானால் முன் சக்கரம் இரண்டில் மட்டும் நேரடி எண்ணெய் வழி திறக்கும். பெடல் ஆழமாக இறங்கும், பலமாக மிதிக்க வேண்டும். வேன் ரீனன்ஸ் பாஸ் மலைப்பாதை இறக்கத்தில், முன்னால் ஒரு லாரியும் பின்னால் ஒரு லாரியும் இருக்கும்போது அது நடப்பதை நான் யோசிக்க விரும்பவில்லை. 2004-ல் மெர்சிடிஸ் இந்த அமைப்புக்காக உலகம் முழுக்க சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2005-ல் இன்னொரு பெரிய அழைப்பு. அப்புறம்தான் அடுத்த திருத்தத்தில் இதையே எடுத்துவிட்டு, பழைய பாணி பிரேக்குக்குத் திரும்பினார்கள்.

ரீகால் எல்லாம் முடிந்துபோன கதைதானே என்பார் கடைக்காரர். அது சரி. முடியாத கதை வேறு ஒன்று இருக்கிறது: எஸ்பிசி யூனிட் நீங்கள் பிரேக் போடுவதை எண்ணிக்கொண்டே இருக்கும். சுமார் 3 லட்சம் எண்ணிக்கையைத் தொட்டால் ஆயுள் முடிந்தது என்று முடிவு செய்து, டாஷ்போர்டில் 'சர்வீஸ் பிரேக், விசிட் வொர்க்‌ஷாப்' என்று காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 100 முறை மிதித்தால் 3,000 நாள், எட்டு வருஷத்துக்குச் சற்று மேலே. என்2 நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் ஓட்டுகிறவர் 100-ல் நிற்பாரா? தைப்பூசக் காவடி நாளில் க்ளேர்வுட் கோவில் பக்கம் ஊர்ந்தாலே அன்றைய கணக்கு எகிறிவிடும். இன்று விற்பனைக்கு நிற்கும் எஸ்பிசி ஈ-கிளாஸ் எதுவும் கிட்டத்தட்ட இருபது வயதுக்குக் குறைந்ததில்லை. அப்படியென்றால் அந்த யூனிட் ஒன்று மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது எண்ணிக்கை அழிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீங்கள் வாங்கிய பிறகு அந்தச் செய்தி வரக் காத்திருக்கிறது.

எண்ணிக்கை அழிப்பது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யூனிட்டைக் கழற்றிக் கொடுத்தால் எண்ணை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். செலவு குறைவு, எச்சரிக்கையும் போய்விடும். உள்ளே இருக்கிற பம்பும் அழுத்தச் சேமிப்பானும் அதே பழையவைதான். வண்டி ஓட்டத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றிதழ் இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். பெயர் மாற்ற ரோட்வொர்த்தி கட்டாயம், ஆனால் சோதனை செய்த அன்று பிரேக் பிடித்ததா என்பதுதான் அதில் தெரியும். எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்பதை மெர்சிடிஸின் ஸ்டார் டயக்னோசிஸ் கருவியை மாட்டினால்தான் பார்க்க முடியும்.

பேட், அதாவது டிஸ்க்கை உரசும் பிரேக் கட்டை, மாற்றும் வேலைக்கும் அதே கருவி வேண்டும். எஸ்பிசி வண்டி கதவைத் திறந்தாலே விழித்துக்கொண்டு தன்னைச் சோதித்துப் பார்க்கும். போனட்டுக்குள் 'விர்ர்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். கடையில் வண்டி எஸ்பிசியா என்று கண்டுபிடிக்க இந்தச் சத்தம் ஒரு நல்ல வழி. ஆனால் பேட்டைக் கழற்றிய நிலையில் அது விழித்தால், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் பிஸ்டன் முழு வேகத்தில் மூடும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். அதனால் முதலில் கருவியால் அமைப்பைத் தூங்க வைத்துவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் மாற்றவும் அப்படித்தான். நம் தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அந்தக் கருவி இல்லையென்றால் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எனக்கு வேலை பார்க்கிறவர் நேராகவே சொன்னார்: "அண்ணே, அந்த பென்ஸ் பிரேக்கை மட்டும் என்கிட்ட கொண்டுவராதீங்க."

இப்போது என் வண்டி. ஈ60-ல் பிரேக் சாதாரண எண்ணெய் பிரேக். காலிபரின் வழிகாட்டி ஊசிகள் 7 மில்லிமீட்டர் ஆலன் சாவியில் கழலும். பிஸ்டனைப் பின்னால் தள்ளி, பேட்டை மாற்றி, பேட் தேய்ந்ததைச் சொல்லும் சென்சாரை மாட்டினால் ஒரு பக்கம் முடிந்தது. கணினியை எதுவும் கேட்க வேண்டாம். முடிந்தபின் சர்வீஸ் கணக்கை மட்டும் டாஷ்போர்டிலேயே ரீசெட் செய்ய வேண்டும்.

செலவில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது தேய்மான சென்சார். வண்டிக்கு இரண்டுதான், முன் இடது சக்கரத்தில் ஒன்று, பின் வலது சக்கரத்தில் ஒன்று. விளக்கு எரிந்தபின் போனால் சென்சாரும் அறுந்திருக்கும், அதையும் வாங்க வேண்டும். விளக்கு வருவதற்கு முன்பே பேட்டைப் பார்த்து மாற்றினால் பழைய சென்சாரே சில நேரம் மீண்டும் உதவும்.

இரண்டாவது டிஸ்க். பிஎம்டபிள்யூ டிஸ்க்குக்கு அனுமதிக்கும் தேய்மானம் மிகக் குறைவு. 24 மில்லிமீட்டர் டிஸ்க் என்றால் 22.4-க்குக் கீழே போகக் கூடாது, 30 என்றால் 28.4. அந்தக் குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். இருபக்கமும் சேர்த்தே 1.6 மில்லிமீட்டர்தான் என்பதால் இரண்டு செட் பேட்டுக்கு ஒரு டிஸ்க் என்று பட்ஜெட் போடுங்கள். டிஸ்க்கைக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் அளவெடுக்கச் சொல்லுங்கள், கடைய அங்கே இரும்பு மிஞ்சியிருக்காது. கடலோரத்தில் வண்டி நிற்கிறதென்றால் டிஸ்க் ஓரத்தில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது விலை. நான் விசாரித்தபோது பிஎம்டபிள்யூ பெட்டியில் வராத, ஆனால் தரமான ஜெர்மன் கம்பெனி டிஸ்க் ஜோடி, பேட், சென்சார் மூன்றும் முன் அச்சுக்கு 4,000 ராண்டைச் சுற்றி வந்தது. ஏஜென்டிடம் அதே வேலைக்குக் கூலியோடு சொன்ன தொகை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரு முக்கியமான எச்சரிக்கை: விலை சொல்லும்போது வாட் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். 15 சதவீதம் கடைசி நிமிஷத்தில் ஏறினால் மனம் கசக்கும். ஏடிஇ, டெக்ஸ்டார் போன்ற பெயர்களில் வருவதை நம்பி வாங்கலாம். மிக மலிவான டிஸ்க் வாங்கி ஆறே மாதத்தில் நடுக்கம் என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடுக்கம் என்றதும் ஈ60 வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடும். உடனே டிஸ்க் வளைந்துவிட்டது என்று புது டிஸ்க் போடுவார்கள். சில வாரத்தில் ஆட்டம் திரும்பிவிடும். இந்த வண்டியில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கையின் (கன்ட்ரோல் ஆர்ம்) ரப்பர் புஷ் தளர்ந்தாலும் சரியாக இதே அறிகுறி வரும். டிஸ்க்குக்குக் காசு கொடுக்குமுன் வண்டியைத் தூக்கி அந்த புஷ்ஷில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் டவுன் ஹில் மேட்டில் இறங்கும்போதுதான் எனக்கு இது முதலில் தெரிந்தது. புஷ் மாற்றியதும் நின்றுவிட்டது, டிஸ்க் இன்றும் அதுவேதான்.

பிரேக் எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டர்பன் ஈரக் காற்றில் எண்ணெய் நீரை உறிஞ்சும், நீர் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து திரும்பும்போது அந்த உயரம் முழுவதையும் பிரேக்கும் கியரும்தான் இறக்கித் தர வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து வாருங்கள், லாரி ஓட்டுநர்களுக்கு ரோட்டோரப் பலகை சொல்வது நமக்கும் பொருந்தும்.

ஈ60 குறையில்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஎஸ்சி யூனிட் பழுதானால் அதுவும் பெரிய செலவு. காற்று போனாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர் விலை பிரேக் செலவையே தாண்டிவிடும். ஆனால் அந்த யூனிட் உயிரைவிட்டால் ஏபிஎஸ்ஸும் வழுக்கல் கட்டுப்பாடும்தான் போகும். நான்கு சக்கரத்திலும் எண்ணெய் பிரேக் மிச்சம் இருக்கும். எனக்கு அது போதும்.

ஈ-கிளாஸ்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 2006 நடுவுக்குப் பின் வந்த திருத்திய மாடலை எடுங்கள். பிரேக் வேலை ஈ60 அளவுக்கே எளிது, அதே மெக்கானிக்கே செய்வார். பதிவுத் தேதியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், சில வண்டிகள் தயாராகிப் பல மாதம் கழித்துத்தான் பதிவாகியிருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். என் மைத்துனர் 2008 மாடல் ஒன்று வைத்திருக்கிறார், பேட் செலவில் எங்களுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் வந்ததில்லை.

எஸ்பிசி வண்டியை நான் ஒரே ஒரு நிலையில்தான் வாங்கச் சொல்வேன். புது யூனிட் போட்ட ஏஜென்ட் பில், அதில் தேதியும் கிலோமீட்டரும் இருக்க வேண்டும், ஸ்டார் கருவியில் எண்ணிக்கை அதற்குப் பொருந்த வேண்டும். புது யூனிட் விலை பல பத்தாயிரம் ராண்ட் என்பதால், அந்த பில் இருக்கும் வண்டி சந்தையில் மலிவாகக் கிடைத்தால் நல்ல பேரம்தான். பில் இல்லாத வண்டிக்கு அந்தத் தொகையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நாளைக்கு நீங்கள் அதே வண்டியை விற்கப் போகும்போது எதிரில் நிற்பவரும் கதவைத் திறந்து அந்தப் பம்ப் சத்தத்தைத்தான் முதலில் கேட்பார்.