எந்தத் தரையில் ஓடிய 14 நிமிடம்?

கிராஸ் கன்ட்ரி என்பது டிராக்கை விட்டுப் புல், மண், மேடுகளில் ஓடும் நெடுந்தூர ஓட்டம். கலிஃபோர்னியாவின் உயர்நிலைப்பள்ளி கிராஸ் கன்ட்ரி மாநில இறுதிப்போட்டி ஃப்ரெஸ்னோ நகரத்து உட்வர்ட் பூங்காவில் நடக்கிறது. தூரம் 5 கிலோமீட்டர். ஜெர்மன் ஃபெர்னாண்டஸ் 2007-இல் அங்கே ஓடிய நேரம் 14:24. 2021-இல் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த நியூபரி பார்க் பள்ளி மாணவர்களாலும் அந்த நேரத்தை எட்ட முடியவில்லை. அடுத்த வாரம் அதே மாணவர்கள் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகருக்குப் போனார்கள். அங்கே காலின் சால்மன் 14:03-இல் ஓடி முடித்தார். அதுவரை பள்ளி மாணவர்களின் மிக வேகமான நேரமாகப் பேசப்பட்டது டேதன் ரிட்சன்ஹைன் 2000-இல் மிச்சிகனில் ஓடிய 14:10. அதைச் சால்மனோடு சேர்த்து அவருடைய அணித்தோழர்களான இரட்டையர் லியோ, லெக்ஸ் யங்கும் தாண்டிவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் யாருடைய நுரையீரலும் பெரிதாகிவிடாது. ஹன்ட்ஸ்வில்லில் போட்டி கடுமை என்பது உண்மைதான். அந்த ஆண்டு நைக் தேசியப் போட்டி கொரோனாவால் ரத்தானதால் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்கள் பலரும் அங்கேதான் கூடியிருந்தார்கள். ஆனாலும் இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணம் தரை என்பதே என் கணிப்பு. ஹன்ட்ஸ்வில்லின் ஜான் ஹன்ட் பூங்காவில் ஓட்டத்துக்கென்றே அமைத்த தடம் இருக்கிறது. அகலமானது, பெரும்பாலும் சமதளம், ஒட்ட வெட்டிய புல். உட்வர்டில் ஏற்ற இறக்கங்கள் உண்டு. புல்லும் மண்ணும் மாறி மாறி வரும். ஒவ்வொரு மேட்டிலும் சில விநாடிகள் போகும். இறக்கத்தில் அவை முழுதாகத் திரும்பக் கிடைப்பதில்லை. ஏறும்போது குலைந்த கால்வீச்சைச் சரிசெய்யவே இறக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அதனால்தான் உலகத் தடகள அமைப்பு கிராஸ் கன்ட்ரியில் உலக சாதனை என்று எதையும் அங்கீகரிப்பதில்லை. அணிப் போட்டியிலும் நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது. முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி. இருந்தும் பெற்றோரும் பிள்ளைகளும் ஆண்டு முழுக்கப் பேசுவது நேரத்தைத்தான். பேசட்டும், ஆனால் எந்தத் தடத்தில் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஒப்பீடு இதைவிடத் தெளிவானது, ஏனென்றால் இங்கே ஓடியவர் ஒருவரே. நியூபரி பார்க்கின் நிகோ யங் 2019 செப்டம்பரில் தென் கலிஃபோர்னியாவின் வுட்பிரிட்ஜ் போட்டியில் 3 மைலை 13:39-இல் ஓடினார். அதே ஆண்டு டிசம்பரில் போர்ட்லண்டின் கிளென்டோவியர் கோல்ஃப் மைதானத்தில் 5 கிலோமீட்டரை 14:52-இல் ஓடி நைக் தேசியப் பட்டத்தை வென்றார். மைல் கணக்கில் பார்த்தால் முன்னது சுமார் 4:33, பின்னது 4:47. 5 கிலோமீட்டர் என்பது 3 மைலைவிட ஏறத்தாழ 170 மீட்டர்தான் கூடுதல். மைலுக்குப் 14 விநாடி சரிவதற்கு அது போதாது.

வுட்பிரிட்ஜ் அந்த ஆண்டு கால்பந்துத் திடல்கள் நிறைந்த ஒரு வளாகத்தில் நடந்தது. முக்கியப் பந்தயங்கள் இரவில், விளக்கொளியில். செப்டம்பர் மாதத்துத் தென் கலிஃபோர்னிய வெயிலைத் தவிர்ப்பதே பெரிய லாபம். தரை சமம், திருப்பங்களில் வேகம் அதிகம் குறையாது. கிளென்டோவியரில் டிசம்பர் மாதத்துப் போர்ட்லண்ட் மழை, ஊறிய புல், கோல்ஃப் மைதானத்துக்கே உரிய மேடுபள்ளங்கள். அதற்குமுன் அந்தப் போட்டி நடந்த போர்ட்லண்ட் மெடோஸ் குதிரைப் பந்தயத் திடலோ சேற்றுக்கே பேர்போனது.

சேற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை ஊன்றி உந்தும்போது தரை பின்னால் வழுக்கினால், அந்த உந்துதலில் ஒரு பங்கு வீண். காலணியின் அடியில் அரை அங்குல ஆணி மாட்டினால் பிடிப்பு வரும். ஆனால் ஆணிகளுக்கு நடுவே மண் அப்பிக்கொண்டு காலணி கனக்கும். திருப்பத்தில் விழாமலிருக்க எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். சுமார் 200 பேர் ஓடும் பந்தயத்தில் முன்னால் போகிறவருக்குப் புல் கிடைக்கும், நூறாவது ஆளுக்குக் குழம்பிய களிமண்தான். காலையில் இளையோர் பந்தயங்கள் நான்கைந்து நடந்த பிறகு மதியம் ஓடுகிற முதன்மை அணிக்கும் இதே கதி. ஒரே நாள், ஒரே தடம் என்று சொன்னாலும் எட்டு மணித் தரையும் பன்னிரண்டு மணித் தரையும் வேறு வேறு.

மேடுகளுக்கென்றே பெயரெடுத்த தடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கின் வான் கார்ட்லண்ட் பூங்காவில் பள்ளித் தடம் 2.5 மைல். திறந்தவெளியில் தொடங்கிக் காட்டுக்குள் நுழைந்து, பாலம் தாண்டி, பின்மேடுகளைச் சுற்றி வரும். 2012-இல் எட்வர்ட் செசெரெக் அங்கே 12 நிமிடத்துக்குள் ஓடினார். அதை வேறு ஊர்ப் 5 கிலோமீட்டர் நேரமாக மாற்ற முயல்வது வீண்வேலை. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே இருக்கும் மவுண்ட் சாக் தடமும் அப்படித்தான். தூரம் 3 மைலுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் வளைந்தேறும் மண்பாதையும் கடைசி மைலில் வரும் நீர்த்தேக்க மேடும் அந்தச் சலுகையை வட்டியோடு திரும்ப வாங்கிவிடும். கொலராடோவில் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் ஓடுகிற பிள்ளைகளுக்கு மேட்டோடு காற்றும் மெலிந்திருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நியூயார்க்கைச் சேர்ந்த பில் மைலன் குதிரைப் பந்தயத்திலிருந்து ஒரு வழியை எடுத்துக்கொண்டார். ஒரு போட்டியில் ஓடியவர்கள் மற்ற இடங்களில் எப்படி ஓடியிருக்கிறார்கள் என்று பார்த்து, அன்றைய தரைக்கு ஒரு திருத்தம் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் தருவது. 5 கிலோமீட்டரில் 3 விநாடிக்கு ஒரு புள்ளி. வெறும் நேரத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சேறு எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. ஒல்லியானவரும் கனத்தவரும் அதில் ஒரே மாதிரி ஓடுவதில்லை. மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே திருத்தம் போடும்போது அந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

கைக்கடிகார ஜிபிஎஸ்ஸை வைத்துத் தடம் நீளம், குட்டை என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தடத்தை மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். உங்கள் பிள்ளை ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கமாக ஓடினால் கடிகாரம் கூடுதலாகத்தான் காட்டும்.

சரி, எங்கே ஓடுவது? ஒரு வேகமான எண் வேண்டுமென்றால் வுட்பிரிட்ஜ், ஹன்ட்ஸ்வில். கல்லூரிப் பயிற்சியாளர்கள் எப்படியும் 1600, 3200 மீட்டர் டிராக் நேரங்களைக் கேட்கத்தான் போகிறார்கள் என்பதால் அந்த எண்ணுக்கு நான் பெரிய விலை தரமாட்டேன். யார் போட்டி போடத் தெரிந்தவர் என்று பார்க்க வேண்டுமா, மவுண்ட் சாக் போதும்.

அளவுகோலாக எனக்குப் பிடித்தது இல்லினாயின் பியோரியாவிலுள்ள டெட்வைலர் பூங்கா. 3 மைல், பெரும்பாலும் சமதளம், மாநில இறுதிப்போட்டி பல பத்தாண்டுகளாக அங்கேதான். 1972-இல் கிரெய்க் வர்ஜின் 13:50.6-இல் ஓடினார். பின்னாளில் 1980, 1981 இரண்டு ஆண்டும் உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன் ஆனவர் அவர். அந்த நேரத்தை 2019-இல் ஜாஷ் மெத்னர் 13:49.86-இல் முறியடித்தார். 47 ஆண்டு காத்திருப்புக்கு முக்கால் விநாடி. நவம்பர் வானிலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், காலணிகளும் மாறிவிட்டன. ஆனாலும் இவர்கள் இருவரில் யார் பெரியவர் என்று உட்கார்ந்து வாதாட முடிகிறது. ஹன்ட்ஸ்வில்லின் 14:03-ஐ வைத்து அப்படி வாதாட இன்னும் இருபது வருடமாவது ஆகும், அதுவரை அந்தத் தடத்தை யாரும் மாற்றியமைக்காமல் இருந்தால்.