'நீர் புகாத' அவசரகாலப் பெட்டி: வாங்கும் முன் ஓர் எச்சரிக்கை

நாகர்கோவிலில் ஒரு கடையில் 2021 ஜூன் மாதம் 4,850 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய அவசரகாலப் பெட்டி, அதே ஆண்டு நவம்பர் மழையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வேளைக்குக்கூட உதவவில்லை. இதே போன்ற பெட்டிகள் இப்போதும் விற்பனைக்கு வருவதைப் பார்ப்பதால், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு முஞ்சிறைக்கு அருகே, குழித்துறை தாமிரபரணியின் கரையை ஒட்டிய தாழ்வான இடத்தில் இருக்கிறது. கோதையாறும் பறளியாறும் ஒன்றுகூடி, தேங்காப்பட்டணத்தில் கடலில் சேரும் ஆறு இது. மலையில் மழை வலுத்துப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் உபரிநீரைத் திறந்தால், அது எங்கள் முற்றத்தில் தெரிந்துவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தண்ணீரைவிட இருட்டுதான் எங்களை வாட்டியது. மின்கம்பங்கள் சாய்ந்து பத்து நாட்களுக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல், சர்க்கரை நோயாளியான என் தாயாருடன் பட்ட சிரமம் மறக்கக்கூடியதல்ல. அப்படி ஒரு நிலை மறுபடியும் வரக்கூடாது என்ற கவலையில்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன்.

"சாரே, வெள்ளத்துல முக்கிப் போட்டாலும் ஒரு சொட்டு உள்ள கேறாது. கட்டிலுக்கு அடியில வச்சா போதும், ஆபத்துன்னா இழுத்துட்டு ஓடிரலாம்" என்று கடைக்காரர் உறுதி சொன்னார். அவல், பிஸ்கட், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், குளோரின் மாத்திரை, டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி ஆகியவற்றுடன், ஆவணங்கள் வைக்க ஒரு ஜிப் பையும் உள்ளே இருந்தன. அவர் சொன்னதை நம்பி, வீட்டுப் பத்திரத்தையும் குடும்ப அட்டையையும் அந்தப் பையில் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதது என் தவறு.

நவம்பரில் தண்ணீர் இரவில் வந்தது. அறைக்குள் முழங்கால் அளவு ஏறியபோது, பெட்டி மிதந்து எழும்பிக் கட்டில் பலகையில் முட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதை இழுத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, தாயாரையும் அழைத்துப் பக்கத்து வீட்டு மாடிக்குச் சென்று திறந்தபோது, உள்ளிருந்து செம்மண் கலந்த தண்ணீர் ஊற்றியது. அவல் களியாகிவிட்டது. தீக்குச்சிகளின் மருந்து கரைந்து, பெட்டியின் அடியில் சிவப்பாகப் படிந்திருந்தது. டார்ச் எரியவில்லை. அதற்கு வெள்ளத்தைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் மூடியைத் திருகியபோது பேட்டரிகள் கசிந்து, வெள்ளைத் தூளும் பச்சைக் களிம்பும் ஸ்பிரிங் முழுவதும் இறுகிப்போயிருந்தன. அது ஓர் இரவில் நேர்ந்திருக்க முடியாது. மலிவான பேட்டரியை டார்ச்சுக்குள்ளேயே போட்டு மாதக்கணக்கில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஏமாற்று வேலை அந்த இரவிலேயே பிஸ்கட் பொட்டலத்தின் மீது வெளிப்பட்டது. 2023 ஜூன் வரை பயன்படுத்தலாம் என்று அதில் ஒட்டியிருந்த வெள்ளை ஒட்டுத்தாள் தண்ணீரில் ஊறி, என் கட்டைவிரல் பட்டதும் வழுக்கி விலகியது. அதற்கு அடியில், நிறுவனம் அச்சிட்ட காலாவதி மாதம் 2021 மார்ச் என்று தெளிவாக இருந்தது. அதாவது, நான் வாங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே காலாவதியான பொருளை, புதிய தேதி ஒட்டி விற்றிருக்கிறார்கள். சாதாரண பிஸ்கட்டுக்குச் சில மாதங்களே ஆயுள் என்பதை எண்ணிப் பார்த்திருந்தால், இரண்டாண்டு என்ற அந்தத் தேதியே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்கும்.

மறுநாள் வெளிச்சத்தில் பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். மூடியைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வளையத்துக்குப் பதிலாக மெல்லிய ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டப்பட்டிருந்தது. அதுவும் மூன்று பக்கம் மட்டுமே, கீல் இருக்கும் நான்காவது பக்கத்தில் எதுவும் இல்லை. அடியில் 'ஐபிஎக்ஸ்4' என்று சிறிய எழுத்தில் இருந்தது. அந்தக் குறிக்குத் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்று மட்டுமே பொருள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்குவது 'ஐபிஎக்ஸ்7', அல்லது தூசியும் புகாத 'ஐபி67'. ஆவணப் பையின் ஓரங்கள் உருக்கி ஒட்டப்படாமல் நூலால் தைக்கப்பட்டிருந்தன, அந்த ஊசித் துளைகளின் வழியாகவே தண்ணீர் புகுந்திருக்கிறது. பத்திரத்தின் மை இரண்டு பக்கங்களில் கலைந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற முடிந்ததால் அந்த இழப்பு ஓரளவு சரியானது.

கடைக்குச் சென்று கேட்டபோது, "மழைக்குத்தான் கேரண்டி, முங்கினா நாங்க என்ன செய்ய" என்று பதில் வந்தது. ஒட்டுத்தாளைக் காட்டியதும், சரக்கு வேறு இடத்திலிருந்து வந்தது என்றார்கள். எனக்குத் தரப்பட்டிருந்தது கடையின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லாத துண்டுச் சீட்டு. அதை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. உங்களிடம் முறையான ரசீது இருந்தால் நிலைமை வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள், பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

இப்போது நான் ஆயத்தப் பெட்டி எதையும் வாங்குவதில்லை. திருகு மூடியும் ரப்பர் வளையமும் உள்ள சிறிய டப்பாக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஓர் உலர்ந்த செய்தித்தாளையும், மிதக்காதபடி போதிய கல்லையும் வைத்து மூடி, தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் மூழ்கவைத்துப் பார்த்தேன். வாங்கிய மூன்றில் இரண்டில் தாள் நனைந்துவிட்டது. விலை கூடுதலானதும் அந்த இரண்டில் ஒன்று என்பதால், விலையையோ மேலே ஒட்டிய வாசகத்தையோ நம்பாமல் நீங்களும் இவ்வாறு சோதித்துவிடுங்கள்.

சோதனையில் தேறிய அந்த வகை டப்பாக்களைக் கான்கிரீட் பரணில் வைத்திருக்கிறேன். ஓட்டுக்கோ தகரக் கூரைக்கோ நேர் கீழே வைத்தால் வெயில் காலத்துச் சூட்டில் மருந்தும் பேட்டரியும் கெடும். அவல், கருப்பட்டி, உணக்கிய மரச்சீனிக் கிழங்கு ஆகியவற்றைத் தேவைக்கு எடுத்துப் பயன்படுத்தி உடனுக்குடன் புதிதாக நிரப்புவதால், காலாவதி என்ற பேச்சே எழுவதில்லை. பேட்டரிகள் டார்ச்சுக்கு வெளியே தனிப் பையில் இருக்கின்றன. பவர் பேங்கை பாதி மின்னேற்றத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். பிளீச்சிங் பவுடரைச் சேமித்து வைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: நம் ஊர் ஈரக்காற்றிலும் சூட்டிலும் அதன் வீரியம் தானாகவே குறைந்துகொண்டே போகும், ஆகவே பழைய பொட்டலத்தை நம்பிக் குடிநீரைச் சுத்திகரிக்கக் கூடாது. வெள்ளநீர் பட்ட உணவையும் மாத்திரைகளையும், உறை பிரியாமல் இருப்பதாகத் தோன்றினாலும், நாங்கள் அன்று எறிந்துவிட்டோம்.

நம் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம் என்பதால், மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் எல்லாவற்றையும் இறக்கித் திறந்து பார்க்கிறேன். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணைப் பரணின் சுவரிலேயே எழுதியிருக்கிறேன். அந்த பிஸ்கட் உறையும், அதிலிருந்து வழுக்கிய ஒட்டுத்தாளும், துண்டுச் சீட்டும் இன்னும் என்னிடம் பத்திரமாக உள்ளன. இதே கடையில் இதே பெட்டியை வாங்கி, முறையான ரசீதுடன் புகார் கொடுக்க முன்வருபவர் யாராக இருந்தாலும், அவற்றைச் சான்றாகத் தரத் தயாராக இருக்கிறேன்.